எம்ஓடியும் இல்லை, டாக்ஸும் இல்லை: காரை எம்ஓடிக்கு எப்படிக் கொண்டுபோவது?

வடலிக்காற்று (ஹரோ) – திங்கள், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். அத்தான் குடும்பத்தோடு யாழ்ப்பாணம் திரும்பியபோது தன்னுடைய பழைய டொயோட்டா யாரிஸை (2009, பெற்றோல்) என்னிடம் விட்டுவிட்டுப் போனார். பதினான்கு மாதமாக வீட்டு முற்றத்திலேயே நிற்கிறது. போகும் முன்பே அவர் சோர்ன் (காரை ரோட்டில் ஓட்டுவதில்லை என்று அரசாங்கத்துக்குக் கொடுக்கும் அறிவிப்பு) போட்டுவிட்டார். எம்ஓடி (பிரிட்டனில் வருடா வருடம் எடுக்க வேண்டிய வாகனச் சோதனை) முடிந்து ஒரு வருடத்துக்கு மேல். போன மாதம் லொக் புக்கை (காரின் பதிவுப் பத்திரம்) என் பெயருக்கு மாற்றியாயிற்று.

இப்போது ஓட்டலாம் என்று பார்த்தால், டாக்ஸ் (வாகன வரி) கட்டுவதற்கு எம்ஓடி இருக்க வேண்டுமாம். எம்ஓடி எடுக்கக் கார் ரோட்டில் இறங்க வேண்டும். ரோட்டில் இறங்க டாக்ஸ் வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் என்ற கதை.

கராஜ் வெம்பிளியில் இருக்கிறது, நாலரை மைல். ஏற்றிப்போகும் லொறிக்காரர் 95 பவுண்ட் கேட்கிறார். எம்ஓடிக்கே அவ்வளவு இல்லை. நானே ஓட்டிக்கொண்டு போகலாமா? லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம்தான் ஆகிறது, பொலிஸ் சிக்கல் வேண்டாம்.

சும்மா_ஒருவன் – திங்கள், இரவு 9.58

ஞாயிற்றுக்கிழமை விடிய ஐந்து மணிக்குக் கொண்டுபோய் கராஜ் வாசலில் விட்டுவிட்டு பஸ்ஸில் வாருங்கள். ஒரு ஈ காக்கை பார்க்காது. நான் செய்திருக்கிறேன்.

நாலாம்கியர் (வெம்பிளி) – திங்கள், இரவு 10.31

தம்பி, மேலே சொன்னதைச் செய்யாதீர்கள். விடிய ஐந்து மணிக்கும் கமராவுக்குத் தூக்கம் வராது. நம்பர் பிளேட்டைப் படிக்கிற பொலிஸ் கமராவுக்கு இந்தக் காரின் டாக்ஸ், எம்ஓடி, இன்சூரன்ஸ் மூன்றும் ஒரு நொடியில் தெரிந்துவிடும். காரை கராஜ் வாசலில், அதாவது ரோட்டில், நிறுத்திவிட்டு வருவது அதைவிட மோசம். டாக்ஸ் இல்லாத கார் ரோட்டில் நின்றாலே குற்றம். டிவிஎல்ஏ (வாகனப் பதிவு அலுவலகம்) ஆட்கள் சில்லுக்குக் கிளாம்ப் பூட்டுப் போட்டால் கழற்ற 100 பவுண்ட். அந்த நேரத்தில் டாக்ஸ் கட்டிக் காட்ட முடியாவிட்டால் மேலே 160 பவுண்ட் பிணைக் காசு. உங்களால் கட்டிக் காட்டவும் முடியாது, எம்ஓடி இல்லையே.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பதினொரு வருடமாக எம்ஓடி டெஸ்டராக இருக்கிறேன், வாரத்துக்கு ஒரு தரமாவது இந்தக் கேள்வி கவுண்டருக்கு வரும். ஓட்டலாம். சட்டமே அனுமதிக்கிறது. ஆனால் வாசல் சின்னது, குனிந்துதான் போக வேண்டும்.

டாக்ஸ் விலக்கு 1994ஆம் ஆண்டு வாகன வரிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது, 22ஆம் பத்தி. எம்ஓடி விலக்கு 1981ஆம் ஆண்டு வாகனச் சோதனை விதிகளில், 6ஆம் விதி. முன்கூட்டியே ஏற்பாடு செய்த சோதனைக்குக் காரைக் கொண்டுபோகலாம், அங்கிருந்து திருப்பிக் கொண்டுவரலாம் என்றுதான் இரண்டும் சொல்கின்றன. டாக்ஸ் சட்டம் இன்னும் கொஞ்சம் இறுக்கம்: குறித்த நாளில் குறித்த நேரத்துக்குப் பதிந்திருக்க வேண்டும், அந்தக் காரணத்துக்காக *மட்டும்* ஓட்ட வேண்டும்.

அந்த ‘மட்டும்’ என்ற சொல்லில்தான் ஆட்கள் மாட்டுவது. போகிற வழியில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டேன், திரும்பும்போது மீன் வாங்கினேன் என்றால் விலக்கு அந்த இடத்திலேயே போய்விட்டது. ‘எப்ப வேண்டுமானாலும் வாங்கோ, பார்த்துச் செய்வம்’ என்று கராஜ்காரர் போனில் சொன்னதும் பதிவு இல்லை. நாளும் நேரமும் உள்ள மெசேஜ் அல்லது மின்னஞ்சல் கையில் இருக்க வேண்டும். அதில் காரின் நம்பரும் இருந்தால் நல்லது. மறித்தால் அதைத்தான் கேட்பார்கள், சந்தேகம் வந்தால் கராஜுக்கே போன் போடுவார்கள்.

கட்டணம்: காருக்கு ஆகக் கூடியது 54.85 பவுண்ட். அதற்கு மேல் எவரும் கேட்க முடியாது, குறைத்துச் செய்யலாம்.

மதுரை_மல்லி (ரெடிங்) – செவ்வாய், காலை 7.12

நாலாம்கியர் அண்ணன் சொன்னது சரி. ஆனால் பெரிய விஷயம் ஒன்று விட்டுப்போச்சு. எம்ஓடிக்கு விலக்கு உண்டு, டாக்ஸுக்கு விலக்கு உண்டு. இன்சூரன்ஸுக்குக் கிடையாது. நாலரை மைல் என்ன, நாலு அடி ரோட்டில் ஓட்டினாலும் இன்சூரன்ஸ் வேண்டும்.

நான் வேலை பார்ப்பது ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் கிளெய்ம்ஸ் பிரிவில், அதனால் இதை வலியுறுத்திச் சொல்கிறேன். இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் 300 பவுண்ட் அபராதமும், லைசென்ஸில் 6 குற்றப் பாயின்ட்டும். வண்டியையும் தூக்கிக்கொண்டு போகலாம். நீங்கள் லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் என்கிறீர்கள். முதல் இரண்டு வருஷத்துக்குள் 6 பாயின்ட் சேர்ந்தால் லைசென்ஸ் ரத்து. திரும்பப் புரொவிஷனல் (பழகுநர் லைசென்ஸ்) வாங்கி, தியரி தேர்வில் ஆரம்பிக்க வேண்டும். எம்ஓடி இல்லாமல் ஓட்டினால் 1,000 பவுண்ட் வரை அபராதம் வரலாம், பாயின்ட் இல்லை. எது ஆபத்து என்று நீங்களே பாருங்கள்.

சிலர் அடுத்தவர் காரை ஓட்டலாம் என்று தங்கள் பாலிசியில் உள்ள வரியை நம்புவார்கள். அது உங்கள் பெயரில் உள்ள காருக்குப் பொருந்தாது. ஒரு நாள் பாலிசி எடுக்கலாம், ஆனால் எம்ஓடி செல்லுபடியாக வேண்டும் என்று சில பாலிசிகளில் சின்ன எழுத்தில் இருக்கும். வாங்குவதற்கு முன்னால் போன் போட்டு, ‘வண்டி சோர்னில் இருக்கிறது, எம்ஓடிக்குத்தான் எடுத்துப் போகிறேன்’ என்று சொல்லிக் கேளுங்கள். பதிலை சாட்டில் வாங்கி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

அப்புறம் இன்னொன்று. சோர்ன் போட்டது உங்கள் அத்தான். லாக் புக் உங்கள் பெயருக்கு மாறிய பிறகு நீங்கள் புதிதாக சோர்ன் போட்டீர்களா?

வடலிக்காற்று – செவ்வாய், காலை 7.40

இல்லையே... அது காரோடு சேர்ந்தது இல்லையா?

மதுரை_மல்லி – செவ்வாய், காலை 7.46

இல்லைங்க. ஆள் மாறினால் சோர்ன் போயிடும். டாக்ஸும் அப்படித்தான், 2014 அக்டோபரில் கண்ணாடியில் ஒட்டும் டிஸ்க்கை எடுத்ததிலிருந்து புது ஆளுக்கு மாறுவதில்லை. இப்போது உங்கள் கார் டாக்ஸும் இல்லாமல் சோர்னும் இல்லாமல் அந்தரத்தில் நிற்கிறது. முற்றத்தில் நின்றாலும் 80 பவுண்ட் அபராதக் கடிதம் வரலாம் (33 நாளுக்குள் கட்டினால் 40). இன்சூரன்ஸும் இல்லை என்றால் அதற்குத் தனியாக 100 பவுண்ட் கடிதம். லாக் புக்கில் உள்ள 11 இலக்க எண்ணை வைத்து ஆன்லைனில் இன்றைக்கே சோர்ன் போடுங்கள். காசு கிடையாது, ஐந்து நிமிஷ வேலை.

வடலிக்காற்று – செவ்வாய், காலை 8.05

போட்டுவிட்டேன். பஸ்ஸில் இருந்தே போட்டேன். மிக்க நன்றி அக்கா. நெஞ்சு இன்னும் படபடக்கிறது.

சும்மா_ஒருவன் – செவ்வாய், மதியம் 12.20

இவ்வளவு பயமுறுத்த வேண்டியதில்லை. மூன்று தரம் இப்படி ஓட்டியிருக்கிறேன், ஒருவரும் மறிக்கவில்லை.

மிட்லண்ட்_மாமா (லெஸ்டர்) – செவ்வாய், மதியம் 1.02

நாலாம் தரம் மறிப்பான். எனக்கு அப்படித்தான் நடந்தது. கிட்டத்தட்ட இருபது வருடத்துக்கு முந்திய கதை, ஒரு பழைய நிசான். பதிவு இருந்தது, ஆனால் மறுநாளைக்கு. ‘ஒருநாள் முந்தி விட்டுவிட்டு வரப் போகிறேன்’ என்று பொலிஸ்காரருக்கு விளக்கம் சொன்னேன். அவர் மிக மரியாதையாகக் கேட்டுவிட்டு மிக மரியாதையாகச் சீட்டு எழுதித் தந்தார்.

இலங்கையில் புகைப் பரிசோதனைத் துண்டும் இன்சூரன்ஸும் இருந்தால்தான் வருமான அனுமதிப்பத்திரம் (அங்கத்தைய டாக்ஸ்) தருவார்கள். அங்கேயும் இதே கோழி முட்டைப் பிரச்சினைதான், ஆனால் ஆட்கள் சமாளிக்கிற விதம் வேறு. அதை இங்கே எழுதவில்லை!

வடலிக்காற்று – செவ்வாய், இரவு 8.15

இன்று பக்கத்து வீட்டுக்காரரின் ஜம்ப் லீட் வைத்து ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன். மூன்றாம் தரம் பிடித்தது. முற்றத்துக்குள்ளேயே ஒரு பத்தடி முன்னே எடுத்தேன். பின் சில்லு ‘டொக்’ என்று ஒரு சத்தத்தோடு விடுபட்டது, பிறகு முன் பிரேக்கில் கறகற என்று தேங்காய் துருவுகிற மாதிரி ஒரு சத்தம். முதலில் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் (பின்னர் என்ற ஊரில் இருக்கிறார்) காட்டிவிட்டு எம்ஓடிக்குப் போகலாமா? திருத்த வேலைக்குக் கொண்டுபோகலாம் என்று அரசாங்கத் தளத்தில் இருக்கிறதே.

நாலாம்கியர் – செவ்வாய், இரவு 9.27

இது முக்கியமான கேள்வி, பலருக்குக் குழப்பம். நீங்கள் பார்த்தது எம்ஓடி பற்றிய பக்கம். எம்ஓடி முடிந்த காரைத் திருத்த இடத்துக்கோ பதிந்த சோதனைக்கோ கொண்டுபோகலாம் என்று அதில் இருக்கும். அது டாக்ஸ் உள்ள கார் என்று வைத்துக்கொண்டு எழுதியது. சோர்ன் பக்கத்தைத் திறந்து பாருங்கள்: பதிந்த எம்ஓடிக்கோ வேறு சோதனைக்கோ போகவும் வரவும் மட்டும். மீறினால் நீதிமன்றம், 2,500 பவுண்ட் வரை. டாக்ஸ் சட்டத்தில் திருத்த வேலைக்கு விலக்கு கிடைப்பது சோதனையில் பெயிலான *பிறகு*, அந்தக் குறைகளைத் திருத்த, அதுவும் முன்கூட்டியே பதிந்த இடத்துக்கு. முதலில் திருத்திவிட்டு பிறகு சோதனை என்ற ஒழுங்கு உங்களுக்குச் சரிவராது. அந்த மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். அல்லது எம்ஓடியும் திருத்த வேலையும் ஒரே கூரைக்குக் கீழ் செய்கிற கராஜில் பதியுங்கள். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

கறகற சத்தம் அனேகமாக பிரேக் டிஸ்க்கில் பிடித்த துரு. மழையில் நின்ற கார் எதுவும் அப்படித்தான். டொக் என்றது ஹான்ட்பிரேக் ஒட்டியிருந்தது. இனிமேல் முற்றத்தில் விட்டால் கியரில் போட்டு, சில்லுக்கு ஒரு கல் வைத்து, ஹான்ட்பிரேக்கை விட்டுவிடுங்கள்.

ஆனால் தம்பி, விலக்கு என்பது பேப்பருக்குத்தான். ஆபத்தான நிலையில் உள்ள காரை ரோட்டில் ஓட்டுவது தனிக் குற்றம். 2,500 பவுண்ட் வரை, 3 பாயின்ட், லைசென்ஸையும் இழக்கலாம். ‘எம்ஓடிக்குத்தான் போகிறேன், அவர்கள் பார்த்துச் சொல்லட்டும்’ என்றால் எடுபடாது. அதனால் வாசலைத் தாண்டும் முன் இதையெல்லாம் பாருங்கள்.

ரயர். ஒவ்வொரு சில்லிலும் தவழ்ந்து பார்க்க வேண்டும், உள்பக்கச் சுவரையும். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினால் முன் ரயர்களின் உள்பக்கம் தெரியும். வெடிப்புக்குள் நகம் போகிறதா, நூல் தெரிகிறதா? பள்ளம் நடு முக்கால் பகுதியில் 1.6 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். ஒரே இடத்தில் நின்ற ரயரில் அடிப்பக்கம் தட்டையாகியிருக்கும், முதல் ஒரு மைல் கார் துள்ளும். காற்று சரியாக இருந்தால் பெரும்பாலும் தானாகச் சரிவரும்.

பிரேக் பெடலை மிதித்து ஒரு நிமிடம் அப்படியே வைத்திருங்கள். மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் காரை எடுக்கவே வேண்டாம், லொறியைக் கூப்பிடுங்கள். 95 பவுண்ட் அப்போது மலிவு. பிறகு முற்றத்துக்குள் முன்னும் பின்னும் பத்துத் தரம் எடுத்து மிதித்தால் துரு கொஞ்சம் உதிரும்.

லைட் எல்லாம் யாரையாவது பின்னால் நிற்க வைத்துப் பாருங்கள். நம்பர் பிளேட் லைட், மறக்க வேண்டாம்! வைப்பர், கண்ணாடி கழுவும் தண்ணீர், ஹோர்ன். இவ்வளவு அற்பக் காரணங்களுக்காகப் பெயிலாகும் கார்கள் எத்தனை என்று சொன்னால் சிரிப்பீர்கள். டாஷ்போர்ட்டில் எஞ்சின் லைட் எரிந்தால் 2018 மே மாதத்துக்குப் பிறகு அதுவும் பெயில். டிக்கியைக் காலி பண்ணுங்கள்.

பொனட்டையும் திறந்து பாருங்கள். ஒரு தரம் இப்படி நின்ற கார் ஒன்று வந்தது. எயார் பில்டர் பெட்டியைத் திறந்தால் உள்ளே எலிக்கூடு, பக்கத்தில் கச்சான் கோது ஒரு கைப்பிடி. காரைக் கொண்டுவந்த அக்கா வீட்டில் யார் கச்சான் தின்றது என்று எங்களுக்குத் தெரியாது, எலிக்குத் தெரிந்திருக்கிறது.

மதுரை_மல்லி – செவ்வாய், இரவு 9.50

கச்சான் என்றால் வேர்க்கடலை தானே? புரிய ஒரு நிமிஷம் ஆச்சு :)

இன்சூரன்ஸ் பக்கம் ஒரு சேர்க்கை. வண்டி மோசமான நிலையில் இருந்தது என்று காரணம் காட்டி, அடிபட்ட மூன்றாம் ஆளுக்குப் பணம் கொடுக்க மாட்டேன் என்று கம்பெனி சொல்ல முடியாது. 1988 ரோட் டிராபிக் சட்டத்தில் 148ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. உங்கள் காரின் சேதத்துக்கு வேறு கணக்கு. எம்ஓடி இல்லாத காரின் மதிப்பைக் குறைத்துப் போடுவது நாங்கள் தினமும் பார்ப்பது. ‘எம்ஓடி இல்லாவிட்டால் இன்சூரன்ஸே செல்லாது’ என்று டீக்கடையில் சொல்கிற அளவுக்குச் சுலபமில்லை, ‘ஒன்றும் ஆகாது’ என்கிற அளவுக்கும் இல்லை. பாலிசியைப் படிக்கத்தான் வேண்டும்.

புதுக்குடை (லூட்டன்) – புதன், மாலை 6.30

இடையில் என் கேள்வியை நுழைப்பதற்கு மன்னிக்கவும், கேள்வி கிட்டத்தட்ட ஒன்றுதான். லெஸ்டரில் ஒரு 2013 கோல்ஃப் டீசல் பார்த்திருக்கிறேன், விலை நன்றாக இருக்கிறது. எம்ஓடி போன மாதம் முடிந்தது. லூட்டனில் என் வீட்டுக்குப் பக்கத்தில் எம்ஓடி பதிந்துவிட்டு, அந்தப் பதிவைக் காட்டி எம்1 நெடுஞ்சாலை வழியாக ஓட்டி வந்துவிடலாமா? சுமார் எழுபது மைல். சட்டத்தில் தூர வரம்பு இல்லை என்று எங்கோ படித்தேன்.

சும்மா_ஒருவன் – புதன், மாலை 6.44

வரம்பு இல்லைதான். தாராளமாக வாருங்கள். இதையாவது ஒத்துக்கொள்வீர்களா நாலாம்கியர்?

நாலாம்கியர் – புதன், இரவு 7.55

ஒத்துக்கொள்கிறேன், பாதி. சட்டத்தில் மைல் கணக்கு எங்கும் இல்லை. பக்கத்தில் உள்ள கராஜுக்குத்தான் போக வேண்டும் என்றும் இல்லை. ஆனால் எல்லாம் அந்த ‘மட்டும்’ என்ற சொல்லில் வந்து நிற்கிறது. நூறு கராஜைத் தாண்டி எழுபது மைல் ஓட்டுகிற ஆளை மறித்தால், ‘இவர் காரைச் சோதனைக்குக் கொண்டுபோகிறாரா, வீட்டுக்குக் கொண்டுபோகிறாரா?’ என்று பொலிஸுக்கு மட்டுமா, மாஜிஸ்திரேட்டுக்கும் கேள்வி வரும். உங்கள் வழக்கமான கராஜ் ஐந்தாறு மைலில் இருக்கிறது, அங்கே போகிறேன் என்பது நியாயமான கதை. எம்1 கதை எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு மாதம் முந்தி வரை எம்ஓடி இருந்த கார் என்பதால் பெரிய குறை இருக்காது என்றும் நினைக்க வேண்டாம். வேகம் எழுபதில் போகும்போதுதான் சில குறைகள் வெளியே வரும்.

மிட்லண்ட்_மாமா – புதன், இரவு 8.20

மருமகனே, இதில் சட்டம் பேசி மண்டையை உடைக்கத் தேவையே இல்லை. விற்கிறவர் லெஸ்டரில்தானே? அவர் வீட்டிலிருந்து ஒரு மைலுக்குள் நாலு கராஜ் இருக்கும். அவரையே எம்ஓடி எடுக்கச் சொல்லுங்கள். ‘விலை குறைத்துத்தானே தருகிறேன், நீங்களே எடுங்கள்’ என்றால், 54.85ஐ நீங்கள் கொடுங்கள், காரை அவர் கொண்டுபோகட்டும், நீங்கள் கூட நின்று பாருங்கள். பாஸானால் அங்கேயே காசைக் கொடுத்து, லொக் புக்கில் கிழித்துத் தருகிற பச்சைத் துண்டில் உள்ள 12 இலக்கத்தை வைத்துப் போனிலேயே டாக்ஸ் கட்டி, உங்கள் இன்சூரன்ஸைத் தொடங்கிவிட்டு எம்1இல் ராஜா மாதிரி வாருங்கள். எம்ஓடி எடுக்க மாட்டேன் என்று அவர் அடம்பிடித்தால் அதுதான் உங்களுக்குக் கிடைத்த சோதனை முடிவு. கார் பெயில்.

நம்பரை வைத்துப் பழைய எம்ஓடி வரலாற்றை இலவசமாகப் பார்க்கலாம். போன வருடம் ‘அட்வைசரி’ (பாஸ்தான், ஆனால் கவனிக்க வேண்டியது) என்று போட்டதுதான் இந்த வருடம் பெயிலாகும்.

இன்னொன்று: 2013 டீசல் என்றால் லண்டன் யூலெஸ் பகுதிக்குள் (புகை கூடிய வண்டிக்குக் காசு வாங்கும் பகுதி) கொண்டுபோனால் நாளுக்கு 12.50 பவுண்ட். பெரும்பாலும் அந்தக் காலத்து டீசல்கள் அதற்குத் தேவையான யூரோ 6 புகைத் தரத்தில் இல்லை. எம்ஓடிக்குத்தான் வந்தேன் என்றாலும் கட்டத்தான் வேண்டும். லூட்டன் அதற்கு வெளியே, அதனால் உங்களுக்குப் பரவாயில்லை.

புதுக்குடை – புதன், இரவு 8.41

விற்பவரிடம் இப்போதே கேட்டுவிட்டேன். ‘யோசித்துச் சொல்கிறேன்’ என்றார்.

மிட்லண்ட்_மாமா – புதன், இரவு 8.43

😀 சொல்ல மாட்டார்.

வடலிக்காற்று – வியாழன், மதியம் 12.50

இன்சூரன்ஸ் எடுத்துவிட்டேன், நாளையிலிருந்து. சோர்னில் உள்ள கார், எம்ஓடிக்கு ஓட்டலாமா என்று கேட்டதற்கு, முன்பதிவு இருந்தால் சரி என்று சாட்டில் எழுதித் தந்தார்கள். எம்ஓடி சனி காலை 10.15. பெயிலானால் என்ன செய்வது? பத்து நாள் ஓட்டலாம் என்று வேலையிடத்தில் சொல்கிறார்கள்.

நாலாம்கியர் – வியாழன், இரவு 10.10

இந்தப் பத்து நாள் கதையைக் கிளப்பியவர் யார் என்று எனக்கும் தெரிய வேண்டும். அப்படி ஒன்றும் இல்லை. காரைக் கராஜிலேயே விட்டுத் திருத்தினால், பத்து *வேலை நாளுக்குள்* பெயிலான பகுதிகளை மட்டும் பார்க்கும் மறுசோதனையை இலவசமாகச் செய்யலாம். அது கட்டணத்தைப் பற்றிய விதி. அது எப்படியோ ஓட்டுவதற்கான அனுமதியாக ஊருக்குள் பரவிவிட்டது.

முடிவுப் பேப்பரில் குறைகள் ‘டேஞ்சரஸ்’, ‘மேஜர்’, ‘மைனர்’ என்று இருக்கும், 2018இலிருந்து இப்படி. மைனர் என்றால் பாஸ். மேஜர் என்றால் பெயில். உங்களுக்குப் பழைய எம்ஓடி இல்லாவிட்டாலும் சோதனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரலாம், பிறகு பதிந்த திருத்த இடத்துக்குக் கொண்டுபோகலாம். அவ்வளவுதான், நடுவில் கடைக்குப் போக முடியாது. டேஞ்சரஸ் என்று ஒன்று விழுந்தாலும் காரை அங்கிருந்து ஓட்டி எடுக்க வேண்டாம். விலக்கும் உதவாது.

மாதக் கடைசி நெருங்குகிறது என்பதையும் கவனியுங்கள். டாக்ஸ் எந்த நாளில் கட்டினாலும் அந்த மாதத்தின் முதலாம் திகதியிலிருந்துதான் கணக்கு. அவசரமில்லை என்றால் சனிக்குப் பதில் அடுத்த மாதத் தொடக்கத்தில் எடுத்தால் ஒரு மாதக் காசு மிச்சம்.

வடலிக்காற்று – வியாழன், இரவு 10.22

அவசரம்தான் அண்ணா. மனைவிக்கு அடுத்த கிழமை வேலை தொடங்குகிறது, இரண்டு பஸ் மாற வேண்டும்.

வடலிக்காற்று – சனி, மாலை 5.35

வந்துவிட்டேன். எல்லோரும் காத்திருப்பீர்கள் என்று தெரியும், முழுக்கதையும் சொல்கிறேன்.

9.35க்கு வெளிக்கிட்டேன். முதல் ஒரு மைல் கார் மாட்டுவண்டி மாதிரித் துள்ளியது, நாலாம்கியர் அண்ணா சொன்னது போலவே. கென்டன் ரோட்டில் சிக்னலில் நிற்கும்போது கண்ணாடியில் பார்த்தால் பின்னால் பொலிஸ் கார். பச்சை விழுந்ததும் நீல லைட்டைப் போட்டார்கள். ஓரமாக நிறுத்தினேன். கை நடுங்கியது, பொய் சொல்லவில்லை.

ஒரு பெண் பொலிஸ் வந்தார். ‘டாக்ஸ் இல்லை, எம்ஓடி இல்லை, தெரியுமா?’ என்றார். தெரியும், 10.15க்குப் பதிவு என்று மெசேஜைக் காட்டினேன். கார் நம்பர், நேரம், கராஜ் முகவரி எல்லாம் அதில் இருந்தது. இன்சூரன்ஸ் அவர் திரையில் இன்னும் வரவில்லை. நேற்றுத்தான் தொடங்கியது என்று சொல்லி சான்றிதழைக் காட்டினேன். அவர் இன்சூரன்ஸ் கம்பெனியையும் கேட்டார், கராஜுக்கும் போன் போட்டார். கராஜ்காரர் ஏதோ சாப்பிட்டுக்கொண்டே பதில் சொன்னது வெளியே எனக்கே கேட்டது. பிறகு அந்தப் பொலிஸ் குனிந்து முன் ரயரில் கட்டைவிரலை வைத்து ஒரு முறை அழுத்திப் பார்த்தார், மறுபக்கம் போய் மற்ற ரயரையும் பார்த்தார். ‘நேரே போங்கள்’ என்றார். பன்னிரண்டு நிமிடம். எனக்கு ஒரு மணித்தியாலம் மாதிரி இருந்தது. பேப்பர்களைப் பிரிண்ட் எடுத்தும் வைத்திருந்தேன், போன் பற்றரி செத்தால் என்ன செய்வது என்ற பயத்தில்.

முடிவு: பெயில். இரண்டு மேஜர். பின் பிரேக் ஒரு பக்கம் சரியாகப் பிடிக்கவில்லை, வைப்பர் ரப்பர் கிழிந்திருந்தது. (நம்பர் பிளேட் லைட்டை முதல் நாளே மாற்றிவிட்டேன், நன்றி!) டேஞ்சரஸ் ஒன்றும் இல்லை. காரை அங்கேயே விட்டேன். பிரேக்கைக் கழற்றித் துப்புரவாக்கி, தேய்ந்த பாகத்தை மாற்றி, மாலை மூன்றரைக்கு மறுபடி பிரேக் சோதிக்கும் உருளையில் ஏற்றிப் பார்த்தார்கள். பாஸ். மறுசோதனைக்குக் காசு எடுக்கவில்லை. வேலைக்கூலி 110.

காத்திருக்கும் அறையில் இருந்தே போனில் டாக்ஸ் கட்டினேன். எம்ஓடி பதிவு ஏற்கனவே தளத்தில் ஏறியிருந்தது. கட்டியதும் சோர்ன் தானாக நீங்கிவிட்டது. திரும்பும் வழியில் கடைக்குப் போய் மீன் வாங்கினேன். வேண்டுமென்றேதான்.

நாலாம்கியர் – சனி, மாலை 6.02

வாழ்த்துகள் தம்பி. என்ன மீன்?

மதுரை_மல்லி – சனி, மாலை 6.15

சூப்பர். நீங்கள் பேப்பரையும் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தீர்கள் பாருங்கள், அதற்கு என் சார்பில் ஒரு சபாஷ். புதிய பாலிசி டேட்டாபேஸில் ஏற சில நாள் ஆகலாம், அதனால்தான் திரையில் வந்திருக்காது. அத்தானிடம் சொன்னீர்களா?

புதுக்குடை – சனி, இரவு 7.20

கோல்ஃப் விற்பவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

வடலிக்காற்று – சனி, இரவு 7.48

விளைமீன் அண்ணா.

அத்தானுக்குப் போன் போட்டேன். பிரேக் எப்படி, எம்ஓடி எப்படி ஒன்றும் கேட்கவில்லை. ‘டிக்கியில் ஒரு ஒடியல் மா பைக்கற் இருந்ததே, எறிந்துவிட்டாயா?’ என்றுதான் கேட்டார்.